இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கக் கூடாது

சென்ற மாதம் ஹரோவில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மாமி ஒருவர் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்துக் குளிசைகளை உள்ளங்கையில் எண்ணினாள். வடை ஒன்று, அப்பளம் இரண்டு, நெய் விட்ட பருப்பு. அவளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்.) என்ற மரபணு வருத்தம்; சாப்பாடு செமிக்கக் குளிசை வேண்டும். எண்ணெய் கூடினால் குளிசையும் கூட வேண்டும். பதினொரு வயதில் அந்தக் கணக்கை அவளே போட்டுக்கொள்கிறாள். மாமி மெல்ல என் கையைப் பிடித்துக் கேட்டார். "இதே வருத்தம் உள்ள வேறை பிள்ளையளும் லண்டனிலை இருப்பினம்தானே பிள்ளை? அவையோடை சேர்ந்து விளையாட விட்டால் இவளுக்கும் ஒரு ஆறுதலாய் இருக்குமெல்லோ?"

அன்பாகத்தான் கேட்டார். எட்டு வருடத்துக்கு முன்னர் நானும் இதே கேள்வியை, அன்பில்லாத குரலில், ஒரு தாதியிடம் கேட்டிருக்கிறேன். "ஏலாது மாமி, அது அவைக்குக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. வரிசை நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோற்றுத் தட்டோடு நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. மாமி இதை வாசிப்பாரோ தெரியாது. வாசிக்கிற யாராவது அவருக்குச் சொல்லுங்கள்.

உப்பு

மகள் பிறந்தது 2014 இல். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் நாள் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து குதிக்காலில் குத்தி, ஒரு தடித்த அட்டையில் உள்ள வட்டங்களில் இரத்தம் எடுத்துப் போவார். 2007 முதல் பிரித்தானியா முழுவதும் அந்தத் துளியில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கும் பார்க்கிறார்கள். கணையத்திலிருந்து இரத்தத்துக்குக் கசியும் ஒரு பொருளை முதலில் அளப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் மரபணுவைப் பார்ப்பார்கள். மகளுக்கு அந்த அளவு மிகக் கூடுதல். ஆனால் மரபணுச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சோதனை தேடுவது ஒரு பட்டியலில் உள்ள மாற்றங்களை மட்டும்தான். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் காணப்படும் மாற்றங்களை வைத்துச் செய்தது. எங்கள் குடும்பத்து மாற்றங்கள் அதில் இல்லை. அதனால் நான்காம் கிழமையில் இன்னொருமுறை குத்தி, அதற்குப் பிறகு வியர்வைச் சோதனைக்கு அனுப்பி, விசயம் தெரியவரும்போது ஆறு கிழமை ஆகிவிட்டது.

அம்மா அதற்கு முன்னரே சொல்லிவிட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து நெற்றியில் கொஞ்சும்போதெல்லாம் "இவள் உப்புக் கரிக்கிறாள் பிள்ளை" என்பார். "பருத்தித்துறைக் கடற்கரையிலை வளருற பிள்ளையெண்டால் சரி. இந்தக் குளிருக்குள்ளை இவளுக்கு எங்காலை உப்பு?" நான் கவனிக்கவில்லை. முலைப்பால் நன்றாகத்தான் குடித்தாள். ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. நப்கினில் எண்ணெய் மினுங்கியது. வியர்வைச் சோதனை செய்த பெண் அவளது சின்னக் கையில் மருந்தூறிய துண்டைக் கட்டி, மிக மெல்லிய மின்சாரத்தை ஓட விட்டு, அரை மணித்தியாலம் வியர்வை சேரும்வரை காத்திருந்தார். வியர்வையில் உப்பின் கூறான குளோரைட் 60க்கு மேல் போனால் இந்த நோய் என்று கொள்வார்கள். அவளுக்கு நூறைத் தாண்டியிருந்தது. அம்மாவின் உதடு சொன்னதை இயந்திரமும் சொன்னது.

பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது: மருத்துவர்களுக்கும் அந்த உப்பு வெயிலில்தான் அகப்பட்டிருக்கிறது. 1948 இல் நியூயோர்க்கில் ஒரு கொடும் வெப்ப அலை. சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் இந்த நோயுள்ளவர்கள் வழமைக்கு மாறாகக் கூடுதலாக இருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த போல் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களது வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953 இல் வெளியிட்டார். ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுதான் காரணம் என்பது 1989 இல்தான் தெரியவந்தது. கலத்தின் சுவரில் உப்பு போய்வர ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழி பழுது. அதனால் வியர்வையில் உப்பு தங்கிவிடும், நெஞ்சிலும் கணையத்திலும் சளி தண்ணீர்த்தன்மை இல்லாமல் பசைபோலத் தடிக்கும். அந்தப் பசையில் கிருமி குடியிருக்கும். என்னிடம் ஒன்று, கணவரிடம் ஒன்று என்று அந்த மரபணுவின் பழுதான பிரதிகளை நாங்கள் தெரியாமலே வைத்திருந்தோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர நாலில் ஒரு வாய்ப்பு. பெரியவன் தப்பினான். சின்னவளுக்கு வந்தது.

எங்களை ஒரு சிறப்பு மையத்துக்கு மாற்றினார்கள். நான் வளர்ந்த ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்தான் டொக்டரிடம் போவோம். இவர்கள் பிள்ளை நன்றாக இருக்கும்போது கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிறை, உயரம், தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் சளிச் சோதனை. வைத்தியர், சி.எஃப். தாதி, பிசியோ, உணவு ஆலோசகர், மருந்தாளர், மனநல ஆலோசகர் என்று ஆறு பேர் ஒரு குழந்தைக்கு. கிருமி ஒன்று பஞ்சுக்குச்சியில் தெரிந்தால், பிள்ளை ஓடியாடித் திரிந்தாலும், மூன்று மாதம் மருந்தைப் புகையாக இழுக்க வேண்டும். இருமல் வரும்வரை காத்திருந்தால் அந்தக் கிருமி நெஞ்சில் வீடு கட்டிவிடும் என்பார்கள். நோய் தெரியாத நாளில் செய்கிற இந்த வைத்தியம்தான் முழு வைத்தியமும் என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அம்மாவுக்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. அவர் சுத்த சைவம். பிள்ளைக்குச் சாப்பாடு செமிக்கக் கொடுக்கும் நொதிமம் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது, வேறு வகை இல்லை என்று மருந்தாளர் சொன்ன அன்று அம்மா சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னேரம் வெளியில் வந்து, அப்பிள் மசியல் ஒரு கரண்டி எடுத்து, மருந்து அளக்கும் சின்னக் கரண்டியால் மணிகளைத் தூவி, பிள்ளையின் வாயில் வைத்தார். பிறகு விரலில் ஈரத்துணி சுற்றி, முரசில் ஒரு மணியும் ஒட்டாமல் துடைத்தார். ஒட்டினால் புண்ணாகும். "இது மருந்து. இதுக்குப் பேர் பண்டியில்லை" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதை வீட்டில் எழவில்லை.

தேங்கிய தண்ணீரைப் பற்றித் தாதி விளக்கியபோதும் அப்படித்தான். சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரத்தில் வாழும். பூச்சாடித் தண்ணீர், குளியல் பொம்மைக்குள் நிற்கும் தண்ணீர் எல்லாம் விலக்க வேண்டும் என்று அவர் பட்டியல் சொன்னார். கும்பத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அம்மாதான் இரவு கேட்டார். "அப்ப மாவிலை போட்டு மூண்டு நாள் வைக்கிற கும்பத்துத் தண்ணி?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளைக்குத் தெளிக்கிற தீர்த்தம் கொதித்து ஆறிய தண்ணீர்.

அந்த நடைபாதை

எங்கள் மையத்தில் காத்திருக்கும் அறை என்று ஒன்று பாவனையில் இல்லை. வாசலில் பெயர் சொன்னால் நேரே ஓர் அறைக்குள் விடுவார்கள். அந்த அறையை விட்டு நாங்கள் வெளியில் வரக்கூடாது. ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக எங்களிடம் வருவார்கள். ஒவ்வொருவரும் கைகழுவி, புது ஏப்ரன் கட்டி வருவார்கள். நாங்கள் போன பின் அறையைத் துடைத்துச் சுத்தமாக்கிய பிறகுதான் அடுத்தவர் வரலாம். "இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கக் கூடாது" என்று முதல் நாளே தாதி சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஒழுங்கு ஏதோ என்று நினைத்தேன். சி.எஃப். உள்ள ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குக் கிட்ட விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு முழுக்க என்று அப்போது என் மூளையில் ஏறவில்லை.

2017 இலையுதிர் காலம். அவளுக்கு மூன்று வயது. எக்ஸ்ரே எடுக்கப் போவதற்காக எங்கள் அறைக் கதவைத் திறந்தோம். அதே நேரம் எதிர்க்கதவும் திறந்தது. அங்கே அவள் உயரத்தில் செம்பட்டைத் தலைமுடியோடு ஒரு சின்னப் பெண். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், அதிலிருந்து நீளும் ஒரு குழாய். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி விட்ட தண்ணீருக்குள் குழாயால் ஊதினால் குமிழி பொங்கி வழியும். ஊதுகிற எதிர்ப்பில் சளி இளகும். பிசியோ தரும் விளையாட்டு அது. எங்கள் வீட்டிலும் காலையும் மாலையும் மேசையெல்லாம் நுரை. உலகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு போத்தல் இருப்பதை என் மகள் அதற்கு முன் கண்டதில்லை. "அம்மா, அவளிட்டையும் குமிழிப் போத்தல்!" என்று கத்திக்கொண்டு, தன் முயல் பொம்மையை நீட்டியபடி ஓடினாள். அந்தப் பெண்ணும் கையை நீட்டினாள். இரண்டு எட்டு இருக்கும். தாதி நடுவில் வந்து என் மகளை இடுப்போடு தூக்கி, திரும்பி, எங்கள் அறைக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டார். அங்கே அந்தத் தாயும் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லாம் ஐந்து விநாடி.

மகள் கதவில் முகத்தை வைத்து அழுதாள். என் உடம்பு நடுங்கியது. தாதியைப் பார்த்து "என் பிள்ளை என்ன தீண்டத்தகாதவளா?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆனால் அந்தச் சொல் தமிழில்தான் என் வயிற்றிலிருந்து வந்தது. நான் பிறந்த ஊரில் தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்ததாம். அதன் பின்பக்கம் சிலருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றியதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை. அந்தச் சிரட்டையை அன்று என் பிள்ளையின் கையில் கண்டேன். "அவளைப் போல ஒரு பிள்ளையை இன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தாள். இந்தப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடினால் அவர்களுக்கு ஓர் ஆறுதல் இல்லையா?" கலியாண வீட்டில் மாமி கேட்டது இதைத்தான்.

தாதி நிலத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழட்டும் என்று விட்டார். அடுத்த கிளினிக் பிந்தியது, அவர் எழும்பவில்லை. அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோதான் இருந்தது. தான் வேலைக்கு வந்த காலத்தில் சி.எஃப். பிள்ளைகள் எல்லோரும் ஒரே வார்ட்டில், அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள் என்று தொடங்கினார். ஒன்றாகப் பிசியோ செய்வார்கள், ஒன்றாகச் சிரிப்பார்கள், ஒருவர் கட்டிலில் ஒருவர் படுத்துப் படம் பார்ப்பார்கள். கோடைகால முகாமுக்கு ஒன்றாகப் போவார்கள். "அவர்களின் ஒரே சிநேகிதர்கள் அவர்கள்தான். அது நல்லது என்று நாங்கள்தான் சேர்த்து வைத்தோம்" என்றார். அந்த வார்ட்டில் தான் தலைசீவி விட்ட ஆறு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். ஆறு பேரும் இப்போது இல்லை. பெயர்களைச் சொல்லும்போது விரலை மடித்து எண்ணவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வெங்காயத்திலிருந்து வந்த கிருமி

அன்றிரவே தேடித் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் வோல்டர் பர்க்ஹோல்டர் என்ற தாவர நோய் ஆய்வாளர் 1950 இல் வெங்காயத்தை அழுகச் செய்யும் ஒரு கிருமியை விவரித்தார். லத்தீனில் வெங்காயத்துக்குரிய சொல்லை வைத்து அதற்கு செபேசியா என்று பெயர். நல்ல உடம்புள்ள மனிதரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் 1980களில் ரொறன்ரோ போன்ற இடங்களில் சி.எஃப். நோயாளிகளின் நெஞ்சில் அது தெரியத் தொடங்கியது. சிலரிடம் வருடக்கணக்கில் சும்மா இருக்கும். சிலருக்குக் காய்ச்சல் ஏறி, நுரையீரல் சில கிழமைகளுக்குள்ளேயே அழிந்து போகும். பெரும்பாலான அன்டிபயோட்டிக் அதற்கு எடுபடாது.

அது எப்படிப் பரவுகிறது என்பதில்தான் எல்லோரும் பிழை விட்டார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, ஆளுக்கு ஆள் தனித்தனியாக வருகிறது என்றே நினைத்தார்கள். 1993 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வகைக் கிருமி நோயாளிகளுக்கிடையே பழக்கத்தால் பரவியிருப்பதை அது காட்டியது. அந்த வகைக்கு எடின்பரோ, ரொறன்ரோ என்ற இரண்டு நகரங்களின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் அதே கிருமி. கடலைத் தாண்டியது நட்பு. கனடா முகாமுக்குப் போய்வந்த இளைஞர்கள் வழியாக அது வந்திருக்கிறது. ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே கோப்பையில் குடித்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுது, சிலர் காதலித்து. முகாம்களை மூடினார்கள். 1996 இல் லிவர்பூலில் ஒரு சிறுவர் கிளினிக்கில் பிள்ளைகள் பலரிடம் ஒரே வகை சூடோமோனாஸ் இருப்பது தெரிந்தது. கிளினிக்குக்கு வந்து போனதிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த மூடிய கதவுகள்.

முகாம் மூடியபோது வளர்ந்த நோயாளிகள் பலர் எதிர்த்தார்களாம். அந்த எதிர்ப்பு எனக்கு விளங்குகிறது. கிருமி வரலாம், வராமலும் விடலாம். தனிமை நிச்சயம் வரும்.

சிரட்டைக்கும் இந்தக் கதவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல மாதம் யோசித்திருக்கிறேன். சிரட்டை ஒருவரைக் கீழே வைப்பதற்கு. இந்தக் கதவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காவல் நிற்கிறது. எங்களிடமிருந்து அந்தச் செம்பட்டைத் தலைக்காரியை, அவளிடமிருந்து எங்களை. என் மகள் நீட்டிய முயலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவளுக்கு நான் ஆபத்தைக் கொடுத்திருக்கலாம். இதெல்லாம் விளங்கிய பிறகும் ஒரு கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. அந்தப் பழைய வார்ட்டில் மூன்று வயதுப் பிள்ளை பதினாறு வயது அக்காவைப் பார்த்திருக்கும். அதே குளிசையை விழுங்கி, அதே மாதிரி இருமி, உதட்டுக்குச் சாயம் பூசும் ஓர் அக்காவை. என் மகள் அப்படி ஒருத்தியையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இங்குள்ள ஆறு நிபுணர்களில் ஒருவராலும் அதைக் கொடுக்க முடியாது.

பெரியவர்கள் சந்திக்கத் தடையில்லை. அந்தத் தாதிதான் ஒரு கிழமை கழித்து, எதிர்க்கதவுப் பிள்ளையின் தாயிடமும் என்னிடமும் கேட்டுவிட்டு, தொலைபேசி இலக்கத்தை மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். எஸெக்ஸ் பக்கத்துப் பெண். உட்கார்ந்ததும் இருவருமே பையிலிருந்து கைச் சுத்திகரிப்பானை எடுத்தோம். அதைக் கண்டு இருவரும் சிரித்தோம், பிறகு அவள்தான் முதலில் அழுதாள். தன் பிள்ளையை அன்று கதவுக்குள் இழுத்தபோது கையில் கன்றிப் போனதாம். அந்த நீலத் தழும்பைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைத்தோம்.

எங்கள் ஆட்கள் மூடுகிற கதவு

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் மாமியின் கேள்விக்கு இதுவும் பதில்.

மகளுக்கு நோய் என்று தெரிந்த கிழமை என் சித்தி தொலைபேசி எடுத்தார். "வெளியிலை கதைக்காதை பிள்ளை. நாளைக்குப் பெரியவனுக்கும் பொம்பிளை பாக்க வேணும்" என்றார். அவனுக்கு அப்போது ஐந்து வயது. நான் கேட்டு நடந்தேன். நான்கு வருடம் "ஆஸ்துமா" என்று சொன்னேன். கோயிலில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பிறந்தநாள் வீடுகளில், எல்லா இடத்திலும் ஆஸ்துமா. மகள் குளிசை எடுக்கும்போது கழிப்பறைக்குக் கூட்டிப்போவேன். ஆஸ்பத்திரி எங்களைப் பிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தின் பின்னால் இறந்துபோன பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் எங்களையே பிரித்து வைத்ததற்கு என்ன காரணம்? பெரியவனைப் பொறுத்தவரை, நோயில்லாத உடன்பிறப்பு ஒரு பழுதான பிரதியைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. சுமந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. வருங்காலத்தில் அவனும் அவன் கட்டுகிற பெண்ணும் ஓர் இரத்தச் சோதனை செய்து பார்க்கலாம். அவ்வளவுதான் விசயம். அதற்காக ஒரு சின்னப் பிள்ளையைக் கழிப்பறைக்குள் நிறுத்தி மருந்து கொடுத்தேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

நடைபாதைச் சம்பவத்துக்கு அடுத்த வருடம், தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நோயின் பெயரைச் சொன்னேன். மகளுக்கு என்ன மருந்து, ஏன் வகுப்பில் தண்ணீர்ப் போத்தலைப் பகிரக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒரு தகப்பன் பின்னால் வந்து மெல்லக் கேட்டார். ஊரில் தமையனின் பிள்ளைக்கு ஓயாத இருமல், நியூமோனியா மூன்று தரம், சாப்பிடுகிறாள் ஆனால் தேறவில்லை, காசநோய் மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று என்றார். "கொஞ்சினால் உப்புக் கரிக்குமா?" என்று கேட்டேன். அவர் அந்த இடத்திலேயே தமையனுக்கு அழைப்பு எடுத்தார். தமையனின் மனைவி மறுமுனையில் சொன்ன "ஓம்" எனக்கும் கேட்டது.

இது வெள்ளைக்காரரின் வருத்தம் என்ற எண்ணம் எங்களிடம் மட்டும் இல்லை, வைத்தியர்கள் பலரிடமும் நெடுங்காலம் இருந்தது. எங்களிடம் அரிது என்பது உண்மைதான், இல்லை என்பது பொய். பிறந்ததும் சோதிக்கும் வழக்கம் இல்லாத இடங்களில் ஆஸ்துமா, காசநோய், ஊட்டக்குறைவு என்ற பெயர்களுக்குக் கீழே இந்தப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். எங்கள் வெயிலில் உப்பு வடிந்து, நீரிழந்து, சோர்ந்து விழுந்த குழந்தைக்கு வயிற்றோட்டம் என்று மருந்து கொடுப்பார்கள். ஓயாத இருமல், மினுங்கும் மலம், தேறாத உடம்பு, தோலில் படியும் உப்பு என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் வியர்வைச் சோதனை என்ற சொல்லை நீங்களே வாயெடுத்துக் கேளுங்கள். இந்தியாவில் என்றால் வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் கடைசியில் வேலூருக்குத்தான் போனாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கோணிய கதவும் இல்லாத கதவும்

2020 யூன் முடிவில் கஃப்ட்ரியோ என்ற மருந்துக்கு இங்கிலாந்து சுகாதார சேவை ஒப்பந்தம் போட்டது. 2022 தொடக்கத்தில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அனுமதி வந்தது. பழுதான மரபணுவில் மிகப் பரவலான மாற்றம் ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் பத்தில் ஒன்பது பேரிடம் அதன் ஒரு பிரதியாவது உண்டு. அவர்களுக்கு இந்த மருந்து எடுபடும். எஸெக்ஸ் பெண் இப்போது என் தோழி. அவளுடைய மகளுக்கு அது இருந்தது. என் மகளின் இரண்டு மாற்றங்களும் வேறு வகை. வைத்தியர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். கதவு கோணலாக நின்றால் மருந்து அதை நிமிர்த்தும். என் மகளின் கலங்களிலோ சுவரில் கதவே கட்டப்படவில்லை. நிமிர்த்த ஒன்றும் இல்லை. கதவைப் புதிதாகக் கட்ட முயலும் மரபணுச் சிகிச்சையில் லண்டன், ஒக்ஸ்போர்ட், எடின்பரோ ஆய்வாளர்கள் 2001 முதல் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

மருந்து தொடங்கிய பிறகு தோழி மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் நானே எடுத்தேன். முதல் இரவு முழுக்கச் சளி சளியாக வந்ததாம், பிறகு இருமல் நின்றுவிட்டதாம். "வீடு அமைதியாய் இருக்கு, எனக்குப் பயமாய் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். "உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்றாள். சந்தோசமா என்றால் சந்தோசம்தான். அன்று நான் குசினியில் குந்தி அழுததும் உண்மைதான். இரண்டையும் அவளிடமே சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல?

பிள்ளைகள் இருவரும் ஒருநாளும் ஒரே அறையில் இருந்ததில்லை. ஐந்து வயதிலிருந்து வீடியோவில் மட்டும்தான் பழக்கம். இரவு ஏழு மணிக்கு இருவருமாகக் குமிழி ஊதுவார்கள், யாருடைய நுரை முதலில் மேசையில் வழிகிறது என்று போட்டி. இப்போது போத்தல் காலம் முடிந்து, மகள் 7 சதவீத உப்புத் தண்ணீரை நெபுலைசரில் இழுக்கிறாள். உப்பால் வந்த வருத்தத்துக்கு உப்பையே மருந்தாக இழுப்பது என்ன விந்தை என்று அம்மா கேட்பார். சிட்னிப் பக்கம் கடலில் அலைச்சறுக்கு விளையாடிய சி.எஃப். நோயாளிகளுக்குச் சளி இலகுவாக வந்ததைக் கவனித்துத்தான் அதைத் தொடங்கினார்கள் என்று சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான், பருத்தித்துறை எண்டு" என்றார்.

தோழியின் மகளுக்கு இப்போது அந்த நெபுலைசர் தேவையில்லை. வைத்தியர்கள் நிறுத்தச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் நேற்று இரவு ஏழு மணிக்கு எங்கள் குசினி மேசையில் ஃபோன் ஒலித்தது. மகள் அதைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, குழாயை வாயில் வைத்துக்கொண்டாள். குழாய் வாயில் இருந்தால் கதைக்க ஏலாது. அங்கே செம்பட்டைத் தலைமுடிக்காரி கட்டிலில் குப்புறப் படுத்தபடி, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். சிரிக்கிற இடம் வந்தால் இவள் பெருவிரலை உயர்த்துவாள். புகை ஃபோனின் கண்ணாடியில் படியப் படிய, கதையை நிறுத்தாமலே அவள் "துடை" என்றாள். இவள் சட்டைக் கையால் துடைத்தாள்.